அன்ரோனியோனியின் சீனமும் சீனரின் சீனமும்

கலாசாரப் புரட்சி ஓயாதிருந்த 1972ஆம் ஆண்டில், சீன அரசின் அழைப்பின்பேரில் அங்கு சென்ற இத்தாலிய நெறியாளர் மைக்கலாஞ்சலோ அன்ரோனியோனி, தமது நாட்டுத் தொலைக்காட்சிக்கென மூன்றரை மணித்தியால அளவிலான விவரணப்படமொன்றை ஆக்கினார். 'சுங் குவோ, சீனா' என்பது அதன் பெயர். 1974 சனவரியில் சீனாவின் 'மக்கள் நாளிதழ்' அதனைச் சீனமக்களை இழிவுசெய்யும் முயற்சியெனக் கடுமையாகக் கண்டித்தது. பெய்ஜிங்கில் அது பகிரங்கமாகத் திரையிடப்பட்டது 2004இலேயே.

இக்கண்டனத்தை உட்கட்சிப் பூசலின் விளைவென்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. அதில் உண்மையும் உண்டு. ஆயினும், நான்ஜிங் பாலம் பற்றிய குற்றச்சாட்டு நின்று நோக்கத்தக்கது. சோவியத் நிபுணர் விலகிச் சென்றபின் சீனர் தாமே கட்டிமுடித்து 1968இல் திறந்த பாலம் அது. அன்ரோனியோனி அதனைச் சாய்ந்த கோணங்களிற் காட்டுகிறார். கீழே உலரும் உடுப்புகளையும் காட்டுகிறார். பாலம் கோணலாய், ஆட்டங்காண்பதாய்த் தோன்றுகிறதென்றது நாளிதழ். அவருக்கோ அது கண்ணிற்பட்ட நாளாந்த வாழ்வு. சீனப் புகைப்படக்காரர் அதே பாலத்தை நேர்முகமாக, முழுமையாக எடுத்திருப்பார். தன்னை எவ்வாறு காணவேண்டுமென ஒரு சமூகம் விரும்புகின்றதோ, அவ்விருப்பமும் அச்சமூகத்தைப் பற்றிய செய்தியே. அன்ரோனியோனி தவறவிட்டது இதனையே என்பது என் கருத்து. அவரிடம் வன்மம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

படத்தின் மிகச் சிறந்த பகுதி ஹெனான் மாகாணத்து மலைக்கிராமக் காட்சியாகும். வெளிநாட்டவரைக் கண்டு பழகாத மக்கள் கமெராவைக் கண்டு தயங்குகின்றனர், சிலர் ஒதுங்கிக்கொள்கின்றனர், சிலர் அசையாது நின்று நோக்குகின்றனர். பார்க்க வந்தவரே பார்க்கப்படும் பொருளாகின்றார். விவரணக் குரலும் இதனை மறைப்பதில்லை. எனினும், கூச்சத்துடன் விலகும் முகங்களையும் கமெரா விடாது தொடர்கின்றதே! அவ்விடத்தில் எனக்கும் சங்கடமாகவே இருந்தது.

இன்னொரு குறை இதனினும் பெரிது. படத்தில் மனிதர் ஓயாது பேசுகின்றனர். அப்பேச்சோ பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படவில்லை. எலும்பை வரைய இயலாது, தோலையே வரையலாம் என்னும் கருத்துடைய சீன முதுமொழியொன்றைப் படம் துணைக்கழைக்கின்றது. அடக்கமான கூற்றுத்தான். ஆனால் தொழிலாளர் வாய்திறந்து கூறுவதைக் கேளாமல் விட்டவர் அதனைக் கூறும்போது, அடக்கம் சாட்டாகவும் ஆகிவிடுகின்றது.

கழைக்கூத்தாடிகளின் நீண்ட ஆற்றுகையுடன் படம் முடிகின்றது. பேச்சுத் தேவைப்படாத அந்த அரங்கிலே கமெரா முதன்முறையாகத் தயக்கமின்றி, நேர்முகமாக அமர்ந்திருக்கின்றது.