கோன் ஃபில்டரும் கடற்காற்றும்

தூத்துக்குடியில் பழைய ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்று கைமாறினால், வாங்கியவர் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றுவது. கார்ப்பரேட்டரின் பின்வாயில் நேராக ஒரு கோன் ஃபில்டரைச் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் எஞ்சின் காற்றை இழுக்கும் உறுமல் தொடைக்குக் கீழே கேட்கிறது. பிக்கப் கூடிவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் இந்த ஊரில், இப்போது செய்யப்படும் விதத்தில், எஞ்சினுக்கு நன்மையைவிடக் கேடே அதிகம் என்பது என் கணிப்பு.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் பார்க்கலாம். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1985-இல் தொடங்கி 1996-இல் நின்றுபோனது. பெட்டிக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இத்தனை ஆண்டுகளில் கல்லாய் இறுகிவிட்டது. கடையில் கிடைக்கும் நகல் ரப்பர் பல நேரம் சரியாகப் பொருந்துவதில்லை. சந்துவழியே வடிகட்டாத காற்றை உள்ளே விடும் பெட்டியைவிட, ஒழுங்காக உட்கார்ந்த கோன் ஃபில்டர் மேல்தான். கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் பெட்டி இல்லாதபோது எளிது. சைலன்சரையும் மாற்றி, ஜெட்டையும் மாற்றினால் மேல் வேகத்தில் உண்மையாகவே கொஞ்சம் சக்தி கூடும். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர்களும், 1990-க்குப் பின் இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டியவர்களும் அதற்காகத்தான் காற்றுவழியைத் திறந்தார்கள். பந்தய வண்டி சில சுற்றுகள் ஓடும், பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள், அன்றைய காற்றுக்கு ஏற்ற ஜெட்டைப் போடுவார்கள். நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது திறந்த வாய் மட்டும். மற்றவை வரவில்லை.

பெட்டியைக் கழற்றும்போது யாரும் நினைக்காத ஒன்று உண்டு. அந்தப் பெட்டி காற்றை வடிகட்டுவதோடு கார்ப்பரேட்டரைப் பின்னாலிருந்து தாங்கவும் செய்கிறது. ஆர்எக்ஸ் 100-இல் மிக்குனி கார்ப்பரேட்டரின் முன்பக்கத்தை ஒரு இன்டேக் ரப்பர் பிடித்திருக்கிறது, பின்பக்கத்தைப் பெட்டியின் ரப்பர் பிடித்திருக்கிறது. பின்பிடி போனால் முழு எடையும் முன்ரப்பரில் தொங்குகிறது. அதன் வாலில் கோன் ஃபில்டரின் எடையும் சேர்கிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் அதிர்வில், குண்டும் குழியுமான ஹார்பர் சாலையில், அந்த ரப்பர் நாளெல்லாம் வளைந்து நிமிர்கிறது. வண்டி நிற்கும்போது ஃபில்டரின் நுனியில் விரலை வைத்து மெல்லக் கீழே அழுத்திப் பாருங்கள். சும்மா இருக்கையில் கண்ணுக்கே தெரியாத வெடிப்பு, இன்டேக் ரப்பரின் மேல்விளிம்பில் கோடாக வாய் திறக்கும். ஐட்லிங்கில் அந்த இடத்தில் கார்ப்பரேட்டர் கிளீனரை அடித்தால் எஞ்சின் வேகம் சட்டென்று மாறும். அங்கே காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஆதரவின்றி ஆடும் கார்ப்பரேட்டரில் கிண்ணத்துப் பெட்ரோல் நுரைக்கும், மிதவை சொல்லும் மட்டம் நிலையாக இருக்காது. எத்தனை முறை ஸ்குரூவைத் திருகினாலும் ட்யூனிங் நிற்காத வண்டிகளில் பல இந்த வகைதான்.

ஒழுகும் காற்று கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்து அதை வற்றச் செய்யும், வற்றிய கலவை சூட்டை ஏற்றும், கடைசியில் பிஸ்டன் ஜாம். ஆட்டோலூப் பம்ப்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிற வண்டிகளில் ஆபத்து இரட்டிப்பு. பெட்ரோல் குறைந்தால் அதோடு ஆயிலும் குறையும். இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அதே திசையில் இன்னொரு தள்ளு தள்ளுகிறது. ஒரு பங்கு சுத்தப் பெட்ரோல் எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 பங்கே போதும். பழைய ஜெட்டையே வைத்திருந்தால் கோன் ஃபில்டர் மாட்டும் முன்பே வண்டி வற்றிய கலவையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய ரப்பரையும் எத்தனால் கெடுக்கும்.

இதோடு இந்தக் கரையின் காற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் சாலையின் இருபுறமும் உப்பளம். துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் நடுவே நிலக்கரித் தூசி. கச்சான் வீசும் மாதங்களில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனால் தேரிக்காட்டுச் செம்மணல் முகத்தில் அறையும். பெட்டிக்குள் இருக்கும் ஆயிலில் நனைத்த ஸ்பாஞ்சை அந்த மாதங்களில் எடுத்துப் பிழிந்தால் வருவது செந்நிறச் சேறு. மலிவான கோன் ஃபில்டர்கள் பலவற்றில் இருப்பதோ வெறும் கம்பி வலை. அது பிடிக்காமல் விட்ட மணல் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும், சீக்கிரமே போர் போட வேண்டி வரும். உப்பு செய்யும் வேலை இன்னும் மெதுவானது. அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கார்ப்பரேட்டரின் உடலில் வெள்ளைப் பொடி பூக்கும், பித்தளை ஜெட்டில் பச்சை ஏறும், சிலைடு ஓடும் தடத்தில் சொரசொரப்பு வரும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் சிலைடு இறங்காமல் மாட்டிக்கொள்வதில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது.

பழைய புல்லட் 350-ஐ இதே கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. அங்கே கார்ப்பரேட்டரின் ஃபிளாஞ்ச் இரண்டு ஸ்டட்டில் நட் போட்டு உட்காருகிறது, தொங்கும் சிக்கல் குறைவு. அதன் நோய் வேறு: நட்டை அளவுக்கு மீறி இறுக்கி ஃபிளாஞ்சையே வளைத்துவிடுகிறார்கள், பிறகு எந்தப் பேக்கிங்கும் ஒழுகலை நிறுத்துவதில்லை.

அன்றாடம் உப்பளச் சாலையில் ஓடும் ஆர்எக்ஸ் 100-க்குப் பெட்டிதான் சரி, கொஞ்சம் தேடி அலைந்தாலும் பரவாயில்லை. பெட்டி கிடைக்கவே இல்லை என்றால் கோன் ஃபில்டர் மாட்டலாம், முழு வேலையாக. ஆயில் போடும் ஸ்பாஞ்ச் ரகமாக, எடை குறைந்ததாக இருக்க வேண்டும். வாங்கும்போது ஃபில்டரின் கழுத்தை உள்ளே பாருங்கள். கார்ப்பரேட்டரின் பின்வாய் ஓரத்தில் காற்றுக்கான சிறு துளைகள் இருக்கின்றன. சில ஃபில்டர்களின் ரப்பர் உதடு அவற்றை மூடிவிடும், அதன்பின் எந்த ஜெட்டும் சரிப்படாது. இன்டேக் ரப்பரைப் புதிதாகப் போட்டு, சட்டத்திலிருந்து ஒரு சிறு பட்டை வளைத்து ஃபில்டரின் பின்முனையைத் தாங்க வேண்டும். அந்தத் தாங்கலில் ரப்பர் வளையம் இருக்கட்டும், இல்லையென்றால் அதிர்வு நேராக ஏறும். பிறகு மெயின் ஜெட்டை ஏற்றி, நீடில் கிளிப்பைப் பார்த்து, முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டி எஞ்சினை அணைத்த கையோடு பிளக்கைக் கழற்ற வேண்டும். காப்பிக்கொட்டை நிறமென்றால் சரி, வெளுத்திருந்தால் ஜெட்டை இன்னும் ஏற்ற வேண்டும்.

ஒர்க்‌ஷாப்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கழற்றிய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். உடைந்திருந்தாலும் அதன் மூடி, திருகு, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வண்டிக்காரர் கையிலேயே கொடுங்கள். இன்று வேண்டாமென்று சொல்பவர், பிஸ்டன் ஒருமுறை பிடித்த பிறகு அதைத்தான் தேடி வருவார்.