நூறு பேருக்கு ஒரு டிராக்டர்: கூட்டுப் பண்ணையத்தில் விடுபட்ட கணக்கு

சிறு விவசாயத்தை லாபகரமாக்க வழி கேட்டால், "தனித்தனியா செஞ்சா கட்டாது, ஒண்ணா சேருங்க" என்பதுதான் வழக்கமான பதில். தமிழக அரசு 2017-18-ல் கொண்டுவந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தின் அடிப்படையும் இதுவே. இருபது பேர் கொண்ட ஐந்து குழுக்களைச் சேர்த்து நூறு பேருக்கு ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. எந்திரம் வாங்க அதற்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. நோக்கத்தில் குறை இல்லை. கணக்கில்தான் இருக்கிறது.

2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டின் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர், சுமார் 1.85 ஏக்கர். நூறு பேருக்கு 185 ஏக்கர். குழு ஒரு சின்ன டிராக்டர் வாங்கிவிட்டது, அது மணிக்கு ஒரு ஏக்கர் உழும், தினமும் பத்து மணி நேரம் ஓடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்பவும் கடைசி ஆளுக்கு முறை வர 18, 19 நாள் ஆகும். செஞ்சிப் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை போடுகிறவருக்கு, மழை பெஞ்ச ஈரம் காயறதுக்குள்ள விதை விழணும். பதினெட்டாம் நாள் வருகிற டிராக்டரால் அவருக்கு என்ன பிரயோஜனம்? தனியார் டிராக்டரைத்தான் கூப்பிடுவார், கேட்ட வாடகையைக் கொடுப்பார்.

எங்க தொழில்ல, சராசரி கூட்டத்தைப் பார்த்து சர்வர் வாங்கினால் ரிசல்ட் வருகிற நாளில் படுத்துவிடும். உழவிலும் கூட்டம் சில நாளில்தான் மொத்தமாக வரும்.

விற்பனையிலும் இதே கதை. அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகள் ஒரே நேரத்தில் வந்து குவியும்போது விலை வியாபாரி கையில். சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கும் வசதி உண்டு. ஆனால் அறுவடை எந்திர வாடகை, ஆள் கூலி, நகைக்கடன் எல்லாம் அதே வாரம் கேட்கும்போது யாரால் காத்திருக்க முடியும்?

சிறிய பண்ணைகளில் ஏக்கருக்கு விளைச்சல் கூடுதலாக இருப்பதை அமர்த்தியா சென் 1962-லேயே எடுத்துக்காட்டி, குடும்ப உழைப்பை அதற்கு முக்கியக் காரணமாகச் சொன்னார். ஆக, சின்ன நிலம் என்பதே குறை அல்ல. வயலில் உழைத்துச் சேர்த்தது, வாடகைக்கும் அவசர விற்பனைக்கும் போய்விடுகிறது.

அந்த 5 லட்சத்தில் ஒரு பகுதியை, உச்ச வாரத்துக்கு நாலைந்து வாடகை டிராக்டர்களை முன்கூட்டியே பேசி வைக்கப் பயன்படுத்தலாம். இன்னொரு பகுதி, மூட்டையை ஒரு மாதம் வைத்திருக்கிறவருக்குக் கைமாற்றாகப் போகலாம். எத்தனை குழு, எத்தனை எந்திரம் என்று எண்ணுவதோடு, உறுப்பினர் எத்தனை நாள் காத்திருந்தார் என்றும் ஒரு நோட்டில் எழுதணும். உங்க ஊர்க் குழுவில் கடைசியாக உழுதவரிடம் கேட்டுப் பாருங்கள். திட்டம் வேலை செய்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும்.