கண்ணாடிக்கும் முகத்துக்கும் நடுவில்

இலங்கை மலையகத்தின் கந்தப்பளையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் ஒரு லயத்துக் காம்பராவுக்குள் போனால் என் கண் முதலில் சுவரைத்தான் தேடும். சாமிப்படங்களுக்குப் பக்கத்தில், தலைக்கு மேலே, குடும்பப் போட்டோக்கள் முன்னால் சாய்ந்தபடி தொங்கும். கீழே பாயில் உட்கார்ந்தவரை அந்த முகங்கள் குனிந்து பார்ப்பது போல இருக்கும். சாய்த்து மாட்டினால் சுவரின் ஈரமும் படத்தின் முதுகில் ஏறாது. 6,000 அடிக்கு மேலே, பாதி நாள் பனிமூட்டத்தில் கிடக்கும் ஊரில் இதெல்லாம் கைப்பழக்கமாகவே வந்துவிடுகிறது.

அப்படி ஒரு சுவரில்தான் அந்தப் பூவேலைப் படத்தைப் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்த வீட்டுக்கார அக்கா, ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கி என் மடியில் வைத்தார். "அம்மாயி தச்சது. வெளக்கு வெளிச்சத்துல தச்சதாம்" என்றார்.

நடுவில் கறுப்பு வெள்ளையில் மூன்று முகங்கள். சுற்றிலும் வெள்ளைத் துணி, அதில் முட்டை வடிவில் ஒரு ஜன்னல். ஜன்னலைச் சுற்றிக் கொடி ஓடுகிறது. கொடியில் இருப்பது தேயிலைப் பூ. ரோசாவைத் தைத்த துணிகள் நூறு பார்த்திருக்கிறேன். தேயிலைப் பூவைத் தைத்தவர் இவர் ஒருவர்தான். கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருக்கிற மலையில் செடி எங்கே பூக்கும்? கவாத்துக்குத் தப்பி ஓரத்தில் வளர்ந்து நிற்கும் செடியில்தான் அதைக் காணலாம். வெள்ளை இதழ்களுக்கு நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து. வெள்ளைத் துணியில் வெள்ளை இதழை எப்படிக் காட்டுவது? அம்மாயி இதழின் உள்ளை நிரப்பவே இல்லை. வெளிர்பச்சை நூலில் ஓரம் மட்டும் காம்புத் தையல் போட்டிருக்கிறார். இதழ் தானாகத் தெரிகிறது. மஞ்சளுக்குச் சின்னச் சின்ன முடிச்சுகள். ஆறிழை நூலைப் பிரித்து ஓர் இழையில் போட்ட முடிச்சு அது. விரலால் தடவினால்தான் உயரம் தெரியும்.

நல்ல தையலைப் பார்க்க முதுகைத் திருப்ப வேண்டும். அனுமதி கேட்டு ஆணிகளை நெம்பித் திறந்தோம். பின்பக்கம் நூல் ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவே இல்லை. ஒவ்வொரு பூவுக்கும் தனியாகத் தொடங்கி, தனியாக முடித்திருந்தார். துணியின் மூலையில் மங்கிய நீல எழுத்து. கோதுமை மாவு மூட்டை! வெளுத்து வெளுத்துத்தான் அந்த வெண்மை வந்திருக்கிறது.

முட்டை வடிவ ஜன்னல்தான் இந்த வேலையில் கடினம். சதுரமாக வெட்டினால் இழை போன போக்கில் போகலாம். வளைவில் கத்தரி பட்டதும் நூல் பிரிந்து கொட்டும். அதனால் வெட்டும் முன்பே கோட்டைச் சுற்றி இரண்டு ஓட்டம் ஓட்டி, அதன் மேல் நெருக்கமாகக் காஜாத் தையல் போட்டு, கடைசியில்தான் உள்துணியை வெட்டி எடுக்க வேண்டும். அம்மாயியின் வளைவில் ஓர் இழை கூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

இந்தத் துணி ஓர் உபகாரமும் செய்திருக்கிறது. பழைய போட்டோவின் மேல் இருப்பது ஜெலட்டின் பூச்சு. ஈரத்தில் அது இளகும், கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகமும் உரிந்து வரும். மலையகத்தில் எத்தனையோ கல்யாணப் போட்டோக்கள் இப்படிப் பாழாகிவிட்டன. இங்கே மடித்து இரட்டையாகத் தைத்த துணி நடுவில் நின்று கண்ணாடியை எட்டவே வைத்திருக்கிறது. மூன்று முகங்களிலும் புள்ளி கூட விழவில்லை.

அந்த முகங்களில் சிரிப்பில்லை. மூவரும் நேராகப் பார்க்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்களைப் பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். தோட்டத்துக் குடும்பங்கள் பல, முதன்முதலாகக் கேமராவின் முன் நின்றது இந்தக் காகிதங்களுக்காகத்தான். அழுகைக் கோச்சி என்று பேர் வாங்கிய ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்களில் அம்மாயியின் தங்கச்சி குடும்பமும் உண்டு. அதிகாரிக்காக எடுத்த அந்தப் படத்துக்குத்தான் அம்மாயி பூக்கொடி போட்டு வீட்டுப் படமாக ஆக்கியிருக்கிறார்.

போட்டோவையும் ஊசியையும் சேர்த்தவர்கள் உலகத்தில் நிறைய. நூறு வருடங்களுக்கு முன் கிழக்காசியத் துறைமுகங்களில் இறங்கிய அமெரிக்கக் கடற்படையினர், டிராகனும் கழுகும் தைத்த பட்டுத்துணி வாங்குவார்கள். அதில் அவர்கள் போட்டோவைச் செருக ஓர் ஓட்டை இருக்கும். இன்று இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ அன்சேரி பழைய போட்டோக்களில் முகத்தின் மேலேயே வண்ண நூல் இழுத்துக் கட்டுகிறார். அழகான கை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என்னால் அதை நெடுநேரம் பார்க்க முடிவதில்லை. வேறு பிரதியே இல்லாத வீட்டில் வளர்ந்தவர் முகத்தில் ஊசி குத்தமாட்டார். இந்தியக் கலைஞர் ஸ்பந்திதா மாலிக் செய்வது எனக்கு நெருக்கம்: பெண்களின் படத்தைத் துணியில் அச்சிட்டு, அந்தப் பெண்களிடமே கொடுத்துத் தைக்கச் சொல்கிறார். எங்கே பூ வர வேண்டும் என்பதை முகத்துக்குச் சொந்தக்காரியே முடிவு செய்கிறாள்.

அம்மாயியின் கொடி முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஜன்னலுக்குக் கீழே ஒரே ஓரிடத்தில் சிவப்பு, ஒரு பொட்டளவு. அடுப்புப் புகையில் அது செங்கல் நிறமாகிவிட்டிருந்தது. ஆணிகளைத் திரும்ப அடித்து, ஸ்டூலில் ஏறி, பழைய சாய்வுக்கே படத்தை மாட்டிய அக்கா இறங்காமல் நின்று சொன்னார்: "இதே மாதிரி இன்னொண்ணு தச்சு, தங்கச்சிக்கிட்ட குடுத்து விட்டாங்களாம். கோத்தகிரியில இருக்கும். நீங்க அந்தப் பக்கம் போனா, செவப்பு எப்படி இருக்குனு பாத்துட்டு வந்து சொல்றீங்களா?"