கிழக்குக் கடற்கரைச் சாலை: கலைக்குச் சோறிட்டவர்கள்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மாமல்லபுரத்தில் மட்டும் இறங்குகிறார்கள். மற்ற ஊர்களெல்லாம் பெயர்ப்பலகைகளாகக் கடந்து போய்விடுகின்றன. இந்தக் கரையின் கலைகளைக் காலவரிசைப்படி அடுக்கிப் பார்ப்பதில் பெரிய பயனில்லை. இவற்றைச் செய்தவர்களின் வயிற்றுப்பாட்டை யார் கவனித்தார்கள் என்று ஊருக்கு ஊர் விசாரித்தால் தெரிவது அதிகம்.

ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் தொடங்கியது. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கும் அவருடைய மாணவர்களுக்கும், படம் வரைந்தால் மட்டும் அடுப்பெரியாது என்பது தெரிந்தே இருந்தது. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற காசில் நிலம் வாங்கி, வீடு கட்டி, மிச்ச நேரத்தில் வரைந்தார்கள். தென்னகத்து நவீன ஓவியத்தின் பெரும்பகுதிக்குப் புரவலர் அவர்களே.

முட்டுக்காடு தட்சிணசித்ரா (1996) கைவிடப்பட்டவற்றின் புகலிடம். உரிமையாளர்கள் இடிக்கவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, தூணும் உத்தரமும் மாறாமல் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர்.

சாளுவன்குப்பத்தில் புகலிடம் கொடுத்தது மணல். அங்கே 2004 சுனாமிக்குப் பின் வெளிப்பட்ட கல்வெட்டுகளைப் பின்பற்றித் தோண்டியபோது, மணலுக்கடியில் செங்கல்லால் கட்டிய முருகன் கோயில் கிடைத்தது. கல் வேல் ஒன்றும் உடன் இருந்தது.

மாமல்லபுரத்தில் பல்லவ அரசு பணம் கொடுத்தது, சிற்பி நையாண்டியும் சேர்த்துக் கொடுத்தான். அர்ச்சுனன் தபசுப் பாறையில் யானைக்கு அருகே ஒரு பூனை முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். பொய்த் துறவியை அரசன் செலவிலேயே கேலி செய்யும் அந்தத் துணிச்சலைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் பலர். 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர் இது. ஆனால் அதன் உயிர் சாலையோரப் பட்டறைகளில்தான் இருக்கிறது. கிரைண்டர் கல்லின் உருவத்தைப் பிரித்துக் கொடுத்ததும் முகத்தையும் விரல்களையும் உளிதான் ஏற்றுக்கொள்கிறது. 1957இல் இங்கே தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சியும், உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் கோயில் ஆர்டர்களும் இந்தத் தொழிலைத் தாங்குகின்றன. 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தெற்கே போகப் போக வாங்கியவர்கள் மாறுகிறார்கள். சதுரங்கப்பட்டினத்தில் மெல்லிய துணிக்காக டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். இன்று அங்கே பார்க்கக் கிடைப்பவை செதுக்கு வேலை மிகுந்த அவர்களுடைய கல்லறைகள். துணி நெய்த தமிழர்களின் அடையாளம் எதுவுமில்லை. நாணயச்சாலை இருந்த ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாக மிச்சச் சுவர்கள் கழிமுகத்தைப் பார்த்து நிற்கின்றன.

கோட்டையை ஒட்டிய இடைக்கழிநாடு, சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனாரின் ஊர். பரிசு பெற்ற பாணன் பசித்த பாணனுக்கு வழி சொல்லும் அந்தப் பாட்டில், கடற்கரையில் எயிற்பட்டினம் வருகிறது. அதை மரக்காணத்தோடு இணைத்துச் சொல்கிறார்கள் அறிஞர்கள். அங்கே போனால் சுட்ட குழல்மீனும் கள்ளும் கிடைக்கும் என்கிறான் பாணன். கலைஞனுக்கு எந்த வாசலில் சோறு என்பதுதான் அவனுக்கு வழிகாட்டிக் குறிப்பு. நம் சுற்றுலாக் கையேடுகளில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

புதுச்சேரியைத் தொட்ட அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மட்கலங்கள் வெளிவந்தன. கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கி மணி செய்த தொழில்கூடமும் இதுதான். வாங்குவார் போனபின் மேடு மண்மூடியது; ஆனால் அதே இழுப்பு நுட்பம் ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை தொடர்ந்தது. கூலி கிடைத்த இடத்துக்குக் கைவேலை நடந்து போய்விடும். இடிபாடுகளுக்கு வேலி போட நம்மிடம் துறை இருக்கிறது. மாமல்லபுரத்து உளிகளுக்கு அடுத்த ஆண்டும் வேலை இருக்குமா என்று கேட்பதும் பாரம்பரியப் பாதுகாப்புதான்.