பதிவேட்டை எழுதிய கை

"வெள்ளைக்காரனுக்கு ஐந்நூறு வருடத்துக்கு எழுத்துச் சான்று இருக்கிறது. நமக்குக் கொள்ளுத்தாத்தாவின் பெயரே தெரியாது." புலம்பெயர்ந்தோர் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி எழும். பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லும்போது எழும். ஆங்கிலேயச் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் வம்சாவளி அச்சிட்டு மாட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பும்போதும் எழும். இந்த ஏக்கத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: இங்கிலாந்தின் பங்குப் பதிவேடு என்பது முன்னோர்களின் பட்டியல், அதைப் பிடித்து மேலே ஏறினால் வேர் கிடைத்துவிடும். அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க இரண்டு நூல்கள் உதவுகின்றன. ஒன்று அலிசன் லைட்டின் குடும்ப வரலாறு 'காமன் பீப்பிள்' (2014). மற்றது மேகி ஓ'ஃபாரலின் நாவல் 'ஹாம்நெட்' (2020). இரண்டுமே பழைய பதிவுகளின் சில வரிகளிலிருந்து புறப்பட்டு, முற்றிலும் வேறு இடங்களைச் சென்றடைகின்றன.

முதலில் பதிவேட்டையே ஒரு பிரதியாக வாசிக்கலாம். 1538 செப்டம்பரில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு பங்குக்கும் ஆணை அனுப்பினார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒரு புத்தகத்தில் வாரந்தோறும் எழுத வேண்டும். புத்தகத்தை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைத்து, ஒரு சாவியைக் குருவும் மற்றதை ஆலயப் பொறுப்பாளர்களும் வைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். மக்கள் இதில் மகிழவில்லை. புதிய வரி வரப்போகிறது என்று பயந்தார்கள். அந்தப் பயம் நூற்றைம்பது ஆண்டு கழித்து மெய்யானது. 1694இல் பிரான்சுடனான போருக்குப் பணம் திரட்ட வந்த சட்டம் பிறப்புக்கு 2 ஷில்லிங், திருமணத்துக்கு இரண்டரை, அடக்கத்துக்கு 4 என்று வரி விதித்தது. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி வந்தது. ஏழைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் 'ஏழை' என்ற குறிப்பு அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஏறிவிடும்.

ஆக, முன்னோரை நினைவில் வைப்பதற்காக எழுதப்பட்டதல்ல இது. பிறந்த குழந்தையின் தேதியைப் பதிவேடு பொதுவாகச் சொல்வதில்லை. எந்த நாளில் குரு அதன் தலையில் தண்ணீர் ஊற்றினார் என்றே சொல்கிறது. பல பங்குகளில் நெடுங்காலம் தாயின் பெயரே எழுதப்படவில்லை. தாயின் பெயருக்கும் தந்தையின் தொழிலுக்கும் கட்டம் போட்ட அச்சுப் படிவம் 1813இல்தான் வந்தது. கத்தோலிக்கர், குவேக்கர் போன்று அரசின் திருச்சபைக்கு வெளியே நின்றவர்கள் இதில் அரைகுறையாகவே தென்படுவார்கள். 1640களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல ஊர்களின் புத்தகங்களில் வெற்றுப் பக்கங்கள். அந்த ஆண்டுகளிலும் பிள்ளைகள் பிறந்தன, எழுதத்தான் ஆளில்லை.

உலகிலேயே அதிகம் பார்க்கப்பட்ட பங்குப் பதிவை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ராட்ஃபர்டின் ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் 1564 ஏப்ரல் 26 அன்று எழுதப்பட்டது, இலத்தீனில் ஒரே வரி: ஜோஹன்னஸ் ஷேக்ஸ்பியரின் மகன் குலியெல்முஸ். ஏப்ரல் 23 பிறந்தநாள் என்று நாம் கொண்டாடுவது இந்த வரியிலிருந்து செய்த ஊகம் மட்டுமே. தாய் மேரியின் பெயர் அதில் இல்லை. இலத்தீன் இலக்கணப்படி தந்தையின் பெயர் 'ஜோஹானிஸ்' என்று வேற்றுமை ஏற்றிருக்க வேண்டும். எழுதியவர் அதைக் கவனிக்கவில்லை. அதைவிட முக்கியமானது, நாம் பார்ப்பது 1564இல் எழுதிய தாளே அல்ல. பழைய தாள் புத்தகங்களைத் தோலில் பிரதி எடுக்க வேண்டும், குறிப்பாக எலிசபெத் அரசி பட்டமேறிய 1558 முதல், என்று 1598இல் ஆணை வந்தது. அதன்படி 1600 வாக்கில் ஒரே கை எழுதிய பிரதி இது. ஆங்கில இலக்கியத்தின் தலைமகனுக்குக்கூட மூலச்சான்று கிடையாது. ஓர் எழுத்தரின் நகல்தான் உண்டு.

அதே எழுத்தர்கள் ஆளை உருவாக்கவும் செய்வார்கள். ஷேக்ஸ்பியரின் திருமணத்துக்கு வூஸ்டர் ஆயரின் அலுவலகம் 1582 நவம்பர் 27 அன்று அனுமதி வழங்கியது. அந்தப் பதிவில் மணப்பெண் 'டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வேட்லி'. மறுநாள் எழுதிய பிணைப் பத்திரத்தில் 'ஆன் ஹாத்வே'. எழுத்தர் பக்கத்து வழக்கில் இருந்த பெயரை மாற்றி எழுதியிருப்பார் என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி, கவிஞன் கைவிட்ட காதலி என்று ஆன் வேட்லிக்கு ஒரு வாழ்க்கையே எழுதியவர்கள் உண்டு.

தரவுத்தளங்களை இணைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் இன்றைய வம்சாவளித் தளங்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வரிகள் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா என்று முடிவு செய்வதுதான் எங்கள் தொழிலில் மிகக் கடினமான வேலை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான், வில்லியம், தாமஸ் என்ற மூன்று பெயர்களிலேயே ஆண்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஒரே பங்கில் ஒரே ஆண்டில் இரண்டு ஜான் ஸ்மித்கள் பிறந்தால், முப்பது வருடம் கழித்து மணமுடிப்பவர் எந்த ஜான்? நாள்காட்டியும் பொறி வைத்திருக்கிறது. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. 1684 நவம்பரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை 1684 பிப்ரவரியில் அடக்கமானதாகப் பதிவேடு சொல்லும். குழந்தை மூன்று மாதம் வாழ்ந்திருக்கிறது. நிரலோ பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டது என்று வரியைத் தள்ளிவிடும். ஹாம்நெட்டும் ஜூடித்தும் ஞானஸ்நானம் பெற்ற 1585 பிப்ரவரி 2, அன்றைய கணக்கில் 1584தான். இந்தத் தளங்கள் மினுங்கும் இலையைக் காட்டி 'இவர் உங்கள் மூதாதையாக இருக்கலாம்' என்கின்றன. நாம் சொடுக்கிய பிறகு 'இருக்கலாம்' மறைந்துவிடுகிறது. ஒருவர் சொடுக்கியதை இன்னொருவர் நகலெடுக்க, ஐயம் மூன்று கைமாறுவதற்குள் சான்றாகிவிடுகிறது.

பதிவேடுகளை அறிவியலாக வாசித்தவர்களுக்கு இந்த எல்லை தெரியும். ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 404 பங்குகளின் பதிவுகளைக் கொண்டு 1541 முதல் 1871 வரையிலான இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றை 1981இல் வெளியிட்டார்கள். ஊர் ஊராக உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள். அதே ஆய்வுக்குழு, குடும்பங்களைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டும் இன்னொரு முறையையும் கையாண்டது. அதில் ஓர் இடர் உண்டு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் ஒரே ஊரில் நடந்தவர்களின் கதை மட்டுமே முழுமையாகத் திரளும். ஊரை விட்டுப் போனவர்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுவார்கள்.

அலிசன் லைட்டின் நூல் அந்த நழுவியவர்களைப் பின்தொடர்கிறது. வர்ஜீனியா வுல்ஃபின் வேலைக்காரர்களைப் பற்றி முன்பே எழுதியவர் இவர். போர்ட்ஸ்மத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் இறுதி நோயை ஒட்டிப் பாட்டன் பாட்டிகளைத் தேடத் தொடங்குகிறார். ஊசி செய்தவர்கள், கொத்தனார்கள், மாலுமிகள், வீட்டுவேலைக்காரப் பெண்கள் வருகிறார்கள். ஒரு 'சொந்த ஊர்' மட்டும் வரவே இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் வேலை தேடி நகர்ந்துகொண்டே இருக்கிறது. பச்சைப் புல்வெளி நடுவே ஆலயம், அதன் கல்லறைத் தோட்டத்தில் ஐந்து தலைமுறை என்ற ஆங்கிலக் கனவு ஏழைகளுக்குப் பொருந்தவில்லை. இங்கிலாந்தின் சாமானியன் இங்கிலாந்துக்குள்ளேயே புலம்பெயர்ந்தவன். நூலின் நெஞ்சு இதுதான். நம் வாசகர்கள் படிக்க வேண்டியதும் இதற்காகவே.

லைட் மேலே ஏறுவதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் நடக்கிறார். ஒருவன் கொத்தனார் என்றால் செங்கல் எங்கிருந்து வந்தது, கூலி என்ன, எந்தத் தேவாலயத்தில் பாடினான் என்று கேட்கிறார். இந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு. சில இடங்களில் குடும்பத்தைப் பற்றிய செய்தி ஒரு வரிதான்; அதைச் சுற்றித் தொழில் வரலாறும் நகர வரலாறும் பக்கம் பக்கமாக எழும்புகின்றன. பின்னணி உயர உயர, அதற்கு முன் நின்ற பெண் சிறுத்துப் போகிறாள். 'அவள் இப்படி உணர்ந்திருக்கக்கூடும்' வகை வாக்கியங்களும் வரலாற்றின் குரலிலேயே வருவதால், எங்கே சான்று முடிந்து எங்கே ஊகம் தொடங்குகிறது என்று நாம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

'ஹாம்நெட்' இதற்கு நேர் எதிர் வழி. 1596 ஆகஸ்ட் 11 அன்று ஸ்ட்ராட்ஃபர்டில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் அடக்கம் செய்யப்பட்டான். நோய் என்னவென்று பதிவேடு சொல்லவில்லை. ஓ'ஃபாரல் அதைக் கொள்ளைநோய் என்று வைத்து, அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு தெள்ளுப்பூச்சி அந்த வீட்டை அடையும் பயணத்தையே எழுதுகிறார். தந்தையின் பெயரை நாவல் ஓரிடத்திலும் உச்சரிப்பதில்லை. தாயை ஆன் என்று அழைப்பதற்குப் பதில், அவளுடைய தந்தை உயிலில் எழுதிய 'ஆக்னஸ்' என்ற பெயரைக் கொடுக்கிறார். நான்கு நூற்றாண்டாக ஆவணங்கள் யாரை முன்னே நிறுத்தினவோ அவரைப் பின்னே தள்ளி, ஒரு பெயராக மட்டும் இருந்தவளை முன்னே கொண்டுவருகிறார். இது கற்பனை என்று அட்டையிலேயே இருப்பதால் சான்றின் பாரம் நாவலுக்கு இல்லை. ஊகத்தை ஊகமென்றே தரும் நேர்மையில் நாவல் முன்னிற்கிறது என்பது என் மதிப்பீடு. ஆனால் நாவலின் கருணை புகழ்பெற்ற ஒரு வீட்டுக்கே கிடைக்கிறது. அதே பக்கத்தில் அடக்கமான மற்றப் பிள்ளைகளிடம் போகும் துணிவு லைட்டுக்குத்தான் இருக்கிறது.

லைட்டின் நூல் வழியே நான் அடைந்த முடிவு ஒன்று உண்டு: ஏழைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறது என்றால், யாரோ அவர்களை அடக்க நினைத்தார்கள் என்று பொருள். 1662இன் குடியிருப்புச் சட்டப்படி, ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் வந்து தங்கும் வெளியூர்க்காரர், ஊருக்குப் பாரமாகலாம் என்று தோன்றினால், அவரைச் சொந்தப் பங்குக்குத் திருப்பி அனுப்பலாம். அதற்காக நீதிபதிகள் முன் விசாரணை நடக்கும்: எங்கே பிறந்தாய், யாரிடம் தொழில் கற்றாய், எங்கே முழு ஆண்டு வேலை பார்த்தாய், எப்போது மணமானது? பதில்கள் எழுதப்பட்டு, அடியில் ஒரு பெருக்கல் குறி. மணமாகாமல் கருவுற்ற பெண்ணிடம் தந்தை யார் என்று கேட்டு எழுதியதும் குழந்தையின் செலவு ஊர் தலையில் விழாமல் இருக்கத்தான். ஒரு பண்ணையாளின் வாழ்க்கைக் கதை நமக்கு விரிவாகக் கிடைக்கும் சில இடங்களில் இதுவும் ஒன்று. அவரை வெளியேற்ற விரும்பியதால்தான் அது நமக்குக் கிடைத்தது.

வெளியேற்றாமல் சேர்த்துக்கொண்டபோதும் அழிப்பு நடந்தது. 1616 டிசம்பர் 22 அன்று லண்டனில் செயின்ட் டயோனிஸ் பேக்சர்ச் ஆலயத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வங்கக் கடற்பகுதியிலிருந்து வந்த ஓர் இளைஞனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. 'பீட்டர்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அரசர் முதலாம் ஜேம்ஸ். பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. அவனுடைய தாய் வைத்த பெயர் இல்லை.

இந்த இடத்தில் நம் ஏக்கத்தை மறுபடி எடுத்துப் பார்க்கலாம். 'நமக்கு ஆவணம் இல்லை' என்பது முழு உண்மையல்ல. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'டுரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை கட்டம் கட்டமாக இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபர்டின் அந்த ஒரு வரியைவிட இது பல மடங்கு விரிவானது. தழும்பை எழுதியது நினைவுக்காக அல்ல. ஆளை அடையாளம் காண. குடியிருப்பு விசாரணையில் பெருக்கல் குறி போட்ட ஆங்கிலப் பண்ணையாளும், பெயர் தெலுங்கா தமிழா என்று தெரியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட கூலியும் ஒரே வகை ஆவணத்தின் இரு முனைகளில் நிற்கிறார்கள். ஆங்கிலேயர் எல்லோருக்கும் வேர் உண்டு, நாம் மட்டும் வேரற்றவர்கள் என்ற எதிர்நிலை அங்கே நிற்பதில்லை.

ஆகவே அடுத்த தலைமுறை வம்சாவளித் தளத்தில் கணக்குத் தொடங்கினால் தடுக்க வேண்டியதில்லை. கலப்புக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நார்ஃபோக்கின் பங்குப் பதிவேடும் பாட்டி வழிச் சொத்துத்தான். ஆனால் எத்தனை தலைமுறை ஏறினோம் என்பதோடு, ஒவ்வொரு வரியிலும் எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், அந்தப் பக்கத்தில் எழுதப்படாமல் போனவர் யார் என்றும் அவர்கள் கேட்கட்டும். 'இருக்கலாம்' என்பதை அழிக்காமல் மரத்திலேயே விட்டுவைக்கட்டும். தமிழில் குடும்ப வரலாறு எழுத வருகிறவர்கள் லைட்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பக்கவாட்டு நடையை. கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே பெயர் கிடைக்காத வீட்டிலும், அவர் யாரோடு எந்தக் கூலிக்கு எந்த வழியாக நடந்து போனார் என்று தேடினால் ஒரு நூலுக்கு வேண்டியது கிடைக்கும்.