நாய்ப் பையன் வளர்ந்தால் என்ன ஆவான்?

கீழ்வேளூரில் நாயை யாரும் நடைக்குக் கூட்டிப் போவதில்லை. நாய்தான் நம்மைக் கூட்டிப் போகும். வயலுக்குக் கிளம்பினால் வரப்பில் முன்னால் ஓடி, மதகுக் கட்டையில் நின்று, நாம் வருகிறோமா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஓடும். இதற்கு ஒரு ஆளுக்குச் சம்பளம் என்றால் ஊர் சிரிக்கும். போன வருஷம் என் மாமா மகன் போனில் சொன்னபோது நானும் சிரித்தேன். டிப்ளமா முடித்தவன். இரண்டு கம்பெனிகளில் ஒப்பந்த வேலை பார்த்து, இரண்டு முறையும் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவன். "நாய் வாக்கிங் கூட்டிட்டுப் போறேன் அத்தான். இப்ப இதான் வேலை" என்றான். அத்தை ஊரில் "பையன் மெட்ராஸ்ல கம்பெனில இருக்கான்" என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரித்தது அன்று இரவெல்லாம் உறுத்தியது. இந்த வேலையைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடியபோது கிடைத்தது 1889ல் வந்த 'பிஹைண்ட் த பங்களா' என்ற ஆங்கிலப் புத்தகம். எழுதியவர் இ. எச். எய்ட்கன். 'ஈஹா' என்ற பெயரில் எழுதினார். சதாராவில் பிறந்த ஆங்கிலேய அரசாங்க அதிகாரி. உப்பு, சுங்கத் துறையில் இருந்தவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை 1883ல் தொடங்கியவர்களில் ஒருவர். ஒரு கொசு இனத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பங்களா வேலைக்காரர்களை வகைக்கு ஓர் அத்தியாயமாக எழுதிக்கொண்டு போகும் இந்தப் புத்தகத்தில் ஒன்று 'நாய்ப் பையன்' பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அத்தியாயம் நன்றாக எழுதப்பட்டது. பம்பாயில் நமக்கு ஒரு வேலைக்காரப் பையன் போதாது, நம் நாய்க்கும் தனியாக ஒருவன் வேண்டும் என்று தொடங்குகிறார் ஈஹா. உடனே நல்ல கேள்வி ஒன்றையும் கேட்கிறார்: வருஷா வருஷம் நாய்ப் பையன்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள், ஆனால் ஒரே பையன் நீடிப்பதில்லை, அப்படியானால் வளர்ந்த பிறகு இவர்கள் என்ன ஆகிறார்கள்? என் வீட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் பையனைப் பற்றி ஒருநாளும் நான் இப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. அந்த மட்டில் ஈஹா என்னைவிட நல்ல கவனிப்பாளர்.

பதிலில்தான் சிக்கல். நாய்ப் பையன் தனி இனம் இல்லை, பலவகை வேலைக்காரர்களின் லார்வாப் பருவம் என்கிறார். சுத்தமாக உடுத்துகிறவன் பட்லரின் குஞ்சு. எவ்வளவு சொன்னாலும் அழுக்காகத் திரிகிறவன் குதிரைக்காரனாக ஆவான். லார்வாக்களைப் போலவே நிறையத் தின்று சட்டென்று வளர்வார்கள்; கால்சட்டைக்கு வெளியே கால் நீண்டதும் கல்யாணத்துக்கு லீவு கேட்டு ஊருக்குப் போவார்கள்; அங்கே கூட்டுப்புழுவாக இருந்துவிட்டு முழு உருவத்தில் திரும்பி வருவார்கள்.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் இந்த உவமை எதை அனுமதிக்கிறது, எதை அனுமதிக்கவில்லை என்று பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் புழு வண்ணத்துப்பூச்சியாக மட்டும்தான் ஆகும். அதற்கு வேறு வழி கிடையாது. பூச்சியியலில் இது உண்மை. அதையே பையன்மேல் வைத்துவிட்டால் அவன் குமாஸ்தா ஆவதும், கடை வைப்பதும் யோசனையிலேயே வராது. இவர்களுக்குப் பதினாலு, பதினைந்து வயதோடு புதிதாக எதையும் கற்கும் சக்தி நின்றுவிடுகிறது என்றும் அதே பத்தியில் எழுதுகிறார். அங்கே நகைச்சுவை தீர்ந்துவிடுகிறது. உவமை சொல்லாமல் சொன்னதை இந்த வரி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

இது வெள்ளைக்காரர் கண் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் பண்ணையாளின் மகன் முதலில் பண்ணையின் மாடு மேய்ப்பான், வளர்ந்தால் பண்ணையாள் ஆவான். யாரும் லார்வா என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த உறவுக்குள் சட்டம் நுழைய 1952ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்தும், கீழ்வேளூருக்குப் பக்கத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களில் 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதையும் நாய் நடத்தும் வேலையையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. 'இவன் இதற்குத்தான்' என்ற எண்ணம் எங்கள் மண்ணில் எவ்வளவு ஆழம் என்று சொல்ல வருகிறேன். கணக்கில் மார்க் குறைந்தால் "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வகுப்பில் திட்டு வாங்கித்தான் நானும் இன்ஜினியர் ஆனேன். மாமா மகன் போனில் சொன்னதும் வந்த சிரிப்பு அந்த வகுப்பில் கற்றது.

இதே வேலை நியூயார்க்கில் வேறு கதை. அங்கே இதை ஒரு தொழிலாக ஆக்கியவர் என்று சொல்லப்படும் ஜிம் பக், வசதியான குடும்பத்தில் வளர்ந்தவர். 1960களில் எலக்ட்ரானிக்ஸ் விற்பனை வேலையை விட்டுவிட்டு நாய்களோடு நடக்கத் தொடங்கினார். தன் நிறுவனத்துக்கு 'பள்ளி' என்று பெயர் வைத்தார், உதவியாளர்களைச் சேர்த்தார், சுமார் நாற்பது ஆண்டுகள் நடத்தினார். 2013ல் அவர் இறந்தபோது பெரிய பத்திரிகை இரங்கல் கட்டுரை போட்டது. பம்பாய்ப் பையன் பிடித்ததும் கயிறுதான், ஜிம் பக் பிடித்ததும் கயிறுதான். ஜிம் பக் இன்னொரு வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தார். தொழிலுக்குப் பெயர், விலை, விதி எல்லாம் அவரே வைத்தார். 'கரியர்' என்பது இதுதான் என்று நினைக்கிறேன். பையன் விஷயத்தில் எல்லாவற்றையும் வைத்தது பங்களா.

மாமா மகன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். காலை ஐந்தரையிலிருந்து எட்டரைக்குள் ஆறு நாய்கள். சித்திரை மாதம் தார் ரோடு எத்தனை மணிக்குச் சுட ஆரம்பிக்கும், எந்த கேட்டில் தெருநாய்க் கூட்டம் நிற்கும், எந்த நாயை எந்த நாயோடு சேர்த்துக் கூட்டிப் போகக்கூடாது, எல்லாம் அவனுக்குத் தெரியும். ஒரு நாய்க்கு மாதம் இவ்வளவு என்று அவனே விலை சொல்கிறான். அதே குடியிருப்பில், நாயோடு போனால் மெயின் லிஃப்டில் போகலாம். நாயை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினால் சர்வீஸ் லிஃப்ட். "நாய்க்குத்தான் அத்தான் அந்த லிஃப்ட். நான் கூடப் போறேன், அவ்ளோதான்" என்றான். குரலில் கோபம் இல்லை.

ஈஹாவை இன்றும் படிக்கலாம், படிக்க வேண்டும். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதைப் பையனிடம் கேட்காமல் தன் வாசகரிடம் கேட்டார். பூச்சியிடம் கேட்க முடியாது, கவனிக்க மட்டும்தான் முடியும்; மனிதனிடமும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

போன வாரம் அந்தப் பத்திகளைத் தமிழில் மாமா மகனுக்குப் போனில் சொன்னேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "என்ன நாய் அத்தான் அது? ஒரு பையன் எத்தன நாயப் புடிச்சுட்டுப் போவானாம்?" என்றான்.

நான் சொன்ன பத்திகளில் அது இல்லை. இல்லை என்றேன்.

"அத எழுதலன்னா அப்புறம் என்ன எழுதுனாரு" என்றவன், லேப்ரடார் காத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி போனை வைத்துவிட்டான்.