நட்டு விழுந்த இடம்

ஐந்து மில்லிமீட்டர் நட்டு ஒன்று, அதைக் கட்டித் தொங்கவிட இரண்டு மீட்டர் நூல். பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கக் கடலுக்குப் போகும் தன்னார்வலரின் பையில் இதைவிட மலிவான பொருள் கிடையாது. அந்தப் பையிலேயே எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

1996-இல் தொடங்கப்பட்ட ‘ரீஃப் செக்’ அமைப்பு, கடலியல் படிக்காதவர்களும் பாறைகளை அளப்பதற்கு ஒரு முறையை வகுத்தது. கடலடியில் 100 மீட்டர் நாடாவை விரிக்கிறார்கள். அதில் 20 மீட்டர் நீளமுள்ள நான்கு துண்டுகளை மட்டும் அளக்கிறார்கள்; துண்டுகளுக்கு நடுவே ஐந்தைந்து மீட்டர் விட்டுவிடுகிறார்கள். அரை மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் துண்டுக்கு 40, மொத்தம் 160. ஒவ்வொரு புள்ளியிலும் நட்டைக் கீழே விட வேண்டும். அது எதன்மேல் விழுகிறதோ அதைத்தான் எழுத வேண்டும்: உயிருள்ள பவளமா, அண்மையில் செத்ததா, கடற்பஞ்சா, பாசியா, வெறும் மணலா.

கண்ணால் பார்த்தே எழுதிவிட முடியாதா? முடியும், ஆனால் கண் அழகின் பக்கம் சாயும். மான்கொம்புபோல் கிளைத்த பவளம் ஒரு சாண் தள்ளி நின்றால், புள்ளி அதன்மேல்தான் விழுந்தது என்று மனம் சொல்லிவிடும். பவளத்தை நேசித்துப் போகிறவருக்குத்தான் இந்தச் சாய்வு அதிகம். சுவர் நேராகத்தான் எழும்பியிருக்கிறது என்று மேஸ்திரியின் மனம் சொன்னாலும் அவர் தூக்குக்குண்டைத்தானே நம்புகிறார்? இந்த நட்டும் அப்படித்தான். அன்போடு போகிறவர்களின் கையில் அந்த அன்பு கணக்கைக் கெடுக்காதபடி ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறார்களே, அந்த நுட்பத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

கடல் இல்லாத எங்கள் மதுரைத் திருநகரிலும் இதைப் பழகலாம். ஒரு காலை வேளையில் தங்கை மகளோடு பூங்காவின் ஓரத்தில் நாடாவை விரித்தேன். சித்திரை மாதம்; வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. அவள் நட்டை விட, நான் எழுதினேன். மண், மண், சருகு, மண், கல். கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தாங்கவில்லை. “பெரியம்மா, பூ பக்கத்துலயேதான கெடக்கு? பூன்னே போட்டுக்கிருவோமே!” நட்டு மண்ணில் கிடந்தது. மண் என்றே எழுதினோம். துண்டு முடிந்து எண்ணிப் பார்த்தபோது மண்தான் மிகுதி. நாங்கள் இருவரும் பூ நிறைந்த இடம் என்று நினைத்திருந்தோம்.

இந்த முறையில் பெயர்களுக்கு வகுத்திருக்கும் எல்லைகளும் சுவையானவை. 15 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பாறை. அதற்குக் கீழே உடைகல். அரை சென்டிமீட்டருக்கும் சிறியது மணல். மணலுக்கும் சேற்றுப்பொடிக்கும் வேறுபாடு காண அளவுகோலே வேண்டாம். கையால் மெல்லக் கிளறினால் மணல் உடனே கீழே இறங்கிவிடும், பொடி தண்ணீரில் புகையாய் நிற்கும். மீன்களை எண்ணுகிறவருக்கு வேறொரு பயிற்சி. தண்ணீருக்குள் முகமூடிக் கண்ணாடி வழியே பார்த்தால் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். களவா மீனில் 30 சென்டிமீட்டரைத் தாண்டியவை மட்டுமே கணக்கில் சேரும். ஆகவே அளந்து வெட்டிய குச்சிகளைத் தண்ணீருக்குள் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும். நாடாவை விரித்த பிறகு கால் மணி நேரம் ஒன்றும் செய்யாமல் விலகியிருக்கச் சொல்கிறார்கள். மனிதரைக் கண்டு ஒதுங்கிய மீன்கள் தம் போக்குக்குத் திரும்ப அத்தனை நேரம் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ‘கோரல்வாட்ச்’ திட்டத்தின் நிற அட்டை இன்னொரு அருமை. நான்கு நிறச்சாயல்கள், ஒவ்வொன்றிலும் வெளிர் முதல் அடர் வரை ஆறு படிகள். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள் குறையக் குறைய அதன் நிறம் வெளிறும். ஆழம் கூடக்கூடத் தண்ணீர் சிவப்பொளியை விழுங்கிவிடும் என்பதால் கண் நிறத்தில் ஏமாறும். அட்டையைப் பவளத்தின் பக்கத்திலேயே பிடித்தால் இரண்டின் மேலும் ஒரே ஒளி விழும், ஒப்பீடு பிழையாகாது. மிக வெளிறிய இடம், மிக அடர்ந்த இடம் இரண்டையும் குறிக்க வேண்டும். கிளை நுனிகளை மட்டும் விட்டுவிட வேண்டும். அவை வளரும் இடங்கள், இயல்பாகவே வெளிறியிருக்கும். இளந்தளிரை நோய் என்று எழுதிவிடாத கவனம் இது.

எங்களுக்கு அருகிலுள்ள பவளக்கடல் மன்னார் வளைகுடா. மதுரையிலிருந்து மண்டபம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பவளப்பாறைகளுக்கான முதல் பன்னாட்டு ஆய்வரங்கு 1969 ஜனவரியில் அந்த மண்டபம் முகாமில்தான் கூடியது. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். 2010-இலும் 2016-இலும் கோடை வெப்பத்தில் இங்கே பவளங்கள் பெருமளவில் வெளிறின. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதி என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. அது நல்லது.

பயண ஏற்பாட்டில் காற்றுக்குத்தான் முதலிடம். கச்சான் அடித்தால் மன்னார்க் கடல் கொந்தளிக்கும், வாடை அடித்தால் வடபுறத்துப் பாக் கடல். முன்னதை ஆண்கடல், பின்னதைப் பெண்கடல் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். கச்சான் வலுப்பதற்கு முன்பே, தண்ணீர் தெளிந்திருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும். பவளப்பாறையின்மேல் நங்கூரம் விழக்கூடாது. மணல் பார்த்துத்தான் போட வேண்டும். பாய் விரித்துப் போகும் படகில் விசிறி சுழன்று அடிச்சேற்றைக் கலக்காது என்பது இந்த வேலைக்கே வாய்த்த வசதி.

பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதியதைக் கரைக்கு வந்து சரிபார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. படகில் ஏறியவுடன், நங்கூரத்தைத் தூக்குவதற்கு முன்பே, ஒவ்வொரு வரியையும் படித்துவிட வேண்டும். ஐயம் வந்தால் மறுபடி இறங்கிப் பார்க்க நாடா இன்னும் கீழேதான் இருக்கிறது. திருநகருக்கு வந்து உட்கார்ந்து, அந்தப் புள்ளியில் இருந்தது பவளமா பாறையா என்று யோசித்து எழுத யாருக்கும் உரிமை இல்லை.